மலையகத்து ட்ரவுட்: ஓடையிலிருந்து நீர்த்தேக்கத்துக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டில் தூண்டில் போடுவது ஒரு விளையாட்டாகத் தொடங்கியது 1880களில். அதற்கு முன் நுவரெலியாவைச் சுற்றிய உயரமான ஓடைகளில் தூண்டில்காரர் தேடிப் போகும் அளவுக்குப் பெரிய மீன் இருந்ததில்லை. பள்ளத்தாக்கு ஆறுகளில் வாழும் மீன்கள் மேலே ஏறிவர முடியாதபடி வழியெங்கும் அருவிகள் நின்றன. குளிர்ந்து தெளிந்த அந்த நீரில் இறாலும் நண்டும் தவளையும் பூச்சிகளுமே குடியிருந்தன. அதை வெறும் தண்ணீராகக் கண்டவர்கள் தோட்டத்துரைமார்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவை ஆங்கிலேயர்கள் 1819க்குப் பிறகு ஓய்விடமாக வளர்த்தார்கள். 1848இல் சாமுவேல் பேக்கர் அங்கே குடியேறி, இங்கிலாந்திலிருந்து ஆட்களையும் மாடுகளையும் விதைகளையும் கொண்டுவந்து ஒரு பண்ணை அமைத்தார். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் சதுப்பு நிலத்தில் ஓடிய ஓடையை அணைகட்டி உருவாக்கியதே இன்றைய கிரகரி வாவி. 1876இல் துரைமாரின் ஹில் கிளப் வந்தது. 1869இல் கோப்பியைத் தாக்கத் தொடங்கிய இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் பயிரையே அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. தோட்டம் நடத்திய துரைமாரில் ஸ்கொட்லாந்துக்காரர் ஏராளம். சொந்த ஊரில் வீட்டுக்குப் பக்கத்து ஓடையில் ட்ரவுட் பிடித்துப் பழகியவர்களுக்கு இங்கே காலநிலை இருந்தது, ஓடை இருந்தது, ஓய்வுநாள் இருந்தது. மீன் மட்டும் இல்லை.

மீனை உயிரோடு கடல் கடத்துவது நடக்காத காரியம் என்பதால் முட்டையைக் கடத்தினார்கள். ட்ரவுட் முட்டை வளர்ச்சியின் ஒரு கட்டத்தில் உள்ளே கருவின் கண்கள் இரண்டு கரும்புள்ளிகளாகத் தெரியும். அந்தக் கட்டத்தில் அது ஓரளவு குலுக்கலைத் தாங்கும். முட்டைகளை ஈரப்பாசி பரப்பிய தட்டுகளில் ஒற்றை வரிசையாக அடுக்கி, மேலும் கீழும் பனிக்கட்டி வைத்துப் பெட்டியிலிட்டு மூடுவார்கள். பனி உருகிச் சொட்டும் நீர் முட்டையை நனைத்துக்கொண்டே இருக்கும். குளிர் கருவின் வளர்ச்சியை மந்தப்படுத்தும். இந்த உத்தியால்தான் 1864இல் டாஸ்மேனியாவுக்கு ட்ரவுட் போய்ச் சேர்ந்தது. சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கொழும்புக்கான பயணம் அதைவிட மிகக் குறுகியது. ஆனால் ஆபத்து கொழும்பில் இறங்கிய பிறகே தொடங்கியது. வெப்பமான துறைமுகத்திலிருந்து ரயில் அப்போது நாவலப்பிட்டி வரைக்கும்தான் ஓடியது; ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும்தான் எட்டியது. எஞ்சிய மலைவழி மாட்டுவண்டிப் பாதை. வழியில் பனிக்கட்டி தீர்ந்துவிட்டால் முட்டையும் போயிற்று.

நுவரெலியாவில் முதல் ட்ரவுட்டை விட்ட ஆண்டாக 1881, 1882 இரண்டும் பதிவுகளில் காணப்படுகின்றன. முன்னின்றவர்களில் ஒருவர் அம்மாவட்டத்தின் உதவி அரசாங்க அதிபராக இருந்த சி. ஜே. ஆர். லெ மெசூரியர். இவரைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்லியாக வேண்டும். நெல்வரி கட்ட முடியாமல் நிலம் பறிபோன வலப்பனை, உடஹேவாஹெட்ட கிராமத்தவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பட்டினியாலும் நோயாலும் மாண்டார்கள் என்று அரசாங்க அறிக்கையிலேயே எழுதியவர் இவர். அந்தச் செய்தி லண்டன் வரை கிளர்ச்சியைக் கிளப்ப, 1892இல் நெல்வரி நீக்கப்பட்டது. ஒரே மாவட்டம், ஒரே பத்தாண்டு: மேட்டில் பொழுதுபோக்குக்கு மீன்குஞ்சு வளர்ந்தது, சரிவில் வயலிழந்த குடியானவர் செத்துக்கொண்டிருந்தார்கள். மலைநாட்டு ட்ரவுட்டின் வரலாற்றை இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் படிப்பது அரைகுறைப் படிப்பாகும்.

முதலில் வந்தது பழுப்பு ட்ரவுட். அது வளர்ந்தது, கொழுத்தது, தூண்டிலிலும் அகப்பட்டது, ஆனால் பெருகவில்லை. ஐரோப்பாவில் இலையுதிர்காலத்தில் நாள் குறுகி நீர் குளிரும்போது முட்டையிடும் இனம் அது. நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே நாளின் நீளம் ஆண்டு முழுதும் ஏறக்குறைய ஒன்றுதான். தை, மாசியில் விடியற்காலையில் உறைபனி விழுந்தாலும் பகலில் வெயில் நீரைச் சூடாக்கிவிடும். ஆகவே மீன் வேண்டுமென்றால் திரும்பத் திரும்ப முட்டை வரவழைக்க வேண்டியிருந்தது. அதற்கு மாற்றாக வந்தது வானவில் ட்ரவுட். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோர ஆறுகளுக்குரிய இந்த இனம் சற்றே வெதுவெதுப்பான நீரையும் தாங்கும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த இது, 2,100 மீட்டர் உயரத்திலுள்ள ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் தானாகவே இனம் பெருக்கியது. அதன்பின் மலைநாட்டு ட்ரவுட் என்றால் வானவில் ட்ரவுட்தான்.

1896இல் சிலோன் ஃபிஷிங் கிளப் உருவானது. நுவரெலியாவை மையமாகக் கொண்ட இந்தச் சங்கம் பொரிப்பகத்தைப் பார்த்துக்கொண்டது, ஓடைகளில் குஞ்சு விட்டது, அனுமதிச் சீட்டு வழங்கியது. நுவரெலியா ஓடை, அம்பேவெல, புலு எல, ஆக்ரா ஓயா, போர்ட்ஸ்வூட் அணை, ஹோர்ட்டன் சமவெளி ஆகியவை தூண்டில்காரர்களிடையே பெயர்பெற்ற இடங்கள். பொரிப்பக வேலை நுணுக்கமானது. சினைமீனை ஈரத்துணியால் பிடித்து வயிற்றை மெல்ல நீவினால் முட்டைகள் ஆரஞ்சு மணிகளாகப் பாத்திரத்தில் உதிரும். அதன்மேல் ஆண்மீனின் விந்தைப் பீய்ச்சி இறகால் கலக்குவார்கள். பிறகு ஓடைநீர் இடைவிடாமல் ஓடும் தொட்டித் தட்டுகளில் பரப்புவார்கள். செத்த முட்டை பால்வெள்ளையாக மாறும். அன்றன்றைக்கே இடுக்கியால் பொறுக்கி எறியாவிட்டால் அதில் பிடிக்கும் பூஞ்சை பக்கத்து முட்டைகளுக்கும் பரவிவிடும்.

பிடிக்கும் முறைக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. மண்புழுவைக் கோப்பது இழிவு. இறகும் உரோமமும் பட்டுநூலும் சுற்றிய செயற்கை ஈயை நீர்மேல் வீசி மீனை ஏமாற்றுவதே முறை என்பது பிரிட்டிஷ் ட்ரவுட் மரபு. அந்த ஈகளுக்கு உலகெங்கும் விரும்பப்பட்ட இறகுகளில் ஒன்று தென்னிந்தியச் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. நீலகிரிக் காட்டிலிருந்து இங்கிலாந்து போன இறகு, ஈயாகி மீண்டும் கிழக்கே திரும்பிவந்த காலமும் உண்டு.

இந்த விளையாட்டு தோட்டத்தின் அதிகார அடுக்கின்மேல் நின்றது. ஓடை ஓடிய நிலம் தோட்டத்தின் நிலம், அல்லது முடிக்குரிய காடு. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிமார் கூட்டிவந்த தமிழ்த் தொழிலாளர்கள் அந்த ஓடைகளின் ஓரத்து லயங்களில்தான் குடியிருந்தார்கள். அவர்கள் குளித்ததும் துணி வெளுத்ததும் அந்த நீரில்தான். காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து மலைக்கு ஏறி, மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பும் வாழ்க்கையில் தூண்டிலுக்கு நேரம் குறைவு. ட்ரவுட்டுக்கோ சீட்டு வேண்டும், சீட்டுக்குப் பணம் வேண்டும். எந்த மடுவில் மீன் நிற்கும், எந்தப் பாறை வழுக்கும், மழை பெய்தால் எத்தனை நேரத்தில் ஓடை கலங்கும் என்ற அறிவு ஓடையோடு வாழ்ந்தவர்களிடம் இருந்தது. எழுதி வைக்கப்பட்ட வரலாற்றில் இருப்பது துரைமார் பிடித்த மீனின் எடை. இந்த இடைவெளி தற்செயலாக நேர்ந்ததன்று. யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைப் பற்றியே அந்தப் பதிவு பேசுகிறது.

மலைநாட்டு ட்ரவுட் தமிழ்நாட்டுக்கும் போனது. நீலகிரியில் 1860களில் பிரான்சிஸ் டே எடுத்த முயற்சிகள் தோற்றன. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சன் மீண்டும் முயன்று வென்றபோது, இலங்கையிலிருந்து வந்த வானவில் ட்ரவுட்டும் அதில் பங்கு கொண்டது. நீலகிரியின் அவலாஞ்சிப் பொரிப்பகத்தின் கதை அங்கிருந்துதான் வளர்கிறது. அரை நூற்றாண்டுக்குப் பின் அதே திசையில் மனிதர்கள் போனார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் பலர் நீலகிரியில், அவர்களுக்காகவே தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள்.

ஓடையில் ட்ரவுட் கொடிகட்டிய காலத்திலேயே ஏரியில் வேறு மீன் நுழைந்துவிட்டது. 1912 வாக்கில் கிரகரி வாவியின் நீரைச் சுரங்கவழி திருப்பி அருகிலுள்ள பிளாக்பூலில் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்த வேறு மீன், 1915இல் நாட்டுக்குள் வந்த ஐரோப்பியக் கெண்டை. அது அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் மீன். தெளிந்த நீரில் கண்ணால் பார்த்து இரைபிடிக்கும் ட்ரவுட்டுக்கு அதன் அக்கம்பக்கம் ஒத்துவராது. பின்னாளில் சுற்றிலுமுள்ள மரக்கறித் தோட்டங்களிலிருந்து மண்ணும் உரமும், நகரத்திலிருந்து கழிவும் வாவியில் சேர்ந்தன.

ஹட்டன் பக்கத்தின் முகத்தையே மாற்றியது மின்சாரம். களனி ஆற்றின் இரு தலைக்கிளைகளான கெஹெல்கமு ஓயாவையும் மஸ்கெலியா ஓயாவையும் மின்சாரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே வாதாடியவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1950இல் நோர்ட்டன் அணை, 1965இல் காசல்ரீ, அந்தப் பத்தாண்டின் இறுதியில் மவுசாகலை எனப் பள்ளத்தாக்குகள் ஒவ்வொன்றாக நிரம்பின. தேயிலை மலைகளும் லயங்களும் பழைய மஸ்கெலியா நகரமும் நீருக்குள் போயின. கடும் வறட்சியில் மவுசாகலை வற்றும்போது பழைய கோவிலும் விகாரையும் பள்ளிவாசலும் வெளியே தெரியும். இடம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் கிடக்கும் இந்த நீர்த்தேக்கங்கள் ட்ரவுட்டுக்குச் சூடானவை.  இங்கே ட்ரவுட்டின் இடத்தைப் பிடித்தவை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவும், முன்பே வந்திருந்த கெண்டையும். நுட்பமும் மாறியது. மூங்கில் கழியும் நைலோன் நரம்பும் கோதுமை மா உருண்டையும் போதும். சீட்டும் கிளப்பும் தேவையில்லை. தோட்டத்து இளைஞர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்கார்ந்து பிடிப்பது விளையாட்டும் குழம்புக்கு வழியும் ஆயிற்று. மின்நிலையத்தின் தேவைக்கேற்ப நீர்மட்டம் ஏறி இறங்குவதுதான் இங்குள்ள சிக்கல்: ஓரத்து ஆழமற்ற நீரில் திலாப்பியா குழிபறித்து அமைக்கும் கூடு ஒரு வாரத்தில் கரையேறிவிடக்கூடும்.

பழைய கிளப் உலகம் 1970களில் சரிந்தது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் பிரிட்டிஷ் கம்பெனிகளின் தோட்டங்கள் அரசுடைமையாயின, துரைமார் கப்பலேறினார்கள். 1990இல் ஜனாதிபதி பிரேமதாச அரசு, உயிர்க்கொலை குறித்த பௌத்த நோக்கின் அடிப்படையில், நன்னீர் மீன்வளர்ப்புக்கான அரச ஆதரவை நிறுத்தியது. 1994 வரை குஞ்சு விடுவதும் பொரிப்பகங்களும் தேங்கின. 1998இன் சட்டப்படி உருவான தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபைதான் அந்தப் பணியை மீண்டும் ஒழுங்குபடுத்தியது. ஆனால் அதன் நோக்கம் உணவு மீன். ட்ரவுட் அதன் ஓரத்தில்கூட அரிதாகத்தான் வந்தது.

ஹோர்ட்டன் சமவெளியில் ட்ரவுட்டின் கதை வேறு விதமாகத் திரும்பியது. 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசியப் பூங்காவாகவும் அது அறிவிக்கப்பட்டது. தூண்டில் வெளியேறியது, மீன் தங்கிவிட்டது. 1894இல் அறிவியலாளர்கள் பெயரிட்ட காரிடினா சிங்கலென்சிஸ் என்ற சிறு இறால் உலகில் அந்தச் சமவெளியின் ஓடைநீரைத் தவிர வேறெங்கும் அறியப்படவில்லை. ட்ரவுட் அதைத் தின்கிறது; தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் தின்கிறது. பெரிய கொன்றுண்ணி மீனே இல்லாத நீரில் பரிணமித்த உயிர்களுக்கு அதனிடமிருந்து தப்பும் வழி தெரியாது. வேட்டைக்காரரின் மகிழ்ச்சிக்காக விட்ட மீன், வேட்டைக்காரர் போன பிறகும் வேட்டையாடிக்கொண்டிருக்கிறது.

இன்று கிரகரி வாவியில் மிதிபடகும் அன்னப்படகும் ஓடுகின்றன. காசல்ரீ கரையில் பழைய துரைமார் பங்களாக்கள் 2005 முதல் விருந்தினர் விடுதிகளாகியுள்ளன. வழிகாட்டியோடு படகில் போய்த் தூண்டில் போடும் பயணத்துக்கு மலைநாட்டில் இடம் உண்டு என்றால், அது காசல்ரீயும் மவுசாகலையும் போன்ற நீர்த்தேக்கங்களே. அங்கே தேடும் திலாப்பியாவும் கெண்டையும் முன்பே வந்தேறியவை; பிடிப்பதால் நட்டமில்லை. வழிகாட்டும் வேலையும் கூலியும் அக்கரையின் போக்கை அறிந்த தோட்டத்து மக்களுக்கே சேர வேண்டும். உயர்மலை ஓடைகளில் இனி ஒரு ட்ரவுட் குஞ்சைக்கூட விடக் கூடாது.