குடியேற்றமும் ஊர்ப்பங்கும்: எரியோடு வட்டாரத்தை முன்வைத்து

பிரான்சின் நாட்டுப்புறங்களில் குடியேறிய ஆங்கிலேயரைப் பற்றிய ஆய்வுகள் பெருகியுள்ளன. அவர்கள் ஊரோடு ஒன்றிவிட்டார்களா என்பதே அவற்றில் மீண்டும் மீண்டும் எழும் கேள்வி. பிரெஞ்சு பேச வருகிறதா, பக்கத்து வீட்டாரோடு பழக்கம் உண்டா என்று பார்த்து விடை காண முயல்கிறார்கள். இந்த அளவுகோல் சரியானதுதானா என்று சோதிக்க, சில நூற்றாண்டுக் கால அனுபவம் நம் கண்முன்னேயே இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு வடக்கே, கரூர் செல்லும் ரயில் பாதையில் உள்ள எரியோட்டையும் அதைச் சூழ்ந்த மானாவாரிக் காடுகளையும் எடுத்துக்கொள்வோம். இங்கே வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அந்தத் தெலுங்கைப் பெரும்பாலோர் எழுதவோ படிக்கவோ அறியார். மொழியைக் கைவிடுவதுதான் ஒன்றுதலுக்கு அடையாளம் என்றால், இது தோற்றுப்போன குடியேற்றமாக எண்ணப்படவேண்டும். அந்த ஊர்களை அறிந்தவர் யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி 1529இல் தொடங்கியதாகக் கொள்வது வழக்கம். அவரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. திண்டுக்கல் சீமையில் விருபாட்சி, கன்னிவாடி, இடையகோட்டை, அம்மையநாயக்கனூர் ஆகியவற்றோடு எரியோடும் ஒரு பாளையமாக இருந்தது. பாளையக்காரரை மட்டும் பார்த்தால் படைவீரர் வரலாறுதான் கிடைக்கும். அவர்களுக்கு முன்னும் பின்னும் மாடு மேய்ப்பவரும் உழவரும் கைவினைஞரும் சிறுசிறு கூட்டமாக வந்தார்கள். ஆற்றுப்பாசன ஊர்களில் நிலமும் நீரும் முன்பே பங்கிடப்பட்டிருந்தன. வந்தவர்களுக்குக் கிடைத்தவை கரிசலும் செம்மண் மேடும் முள்காடும்தான். நெல்லைச் சீமை பற்றி வரலாற்றாசிரியர் டேவிட் லட்டனும் தமிழகச் சமவெளி பற்றிக் கிறிஸ்டோபர் பேக்கரும் வரைந்து காட்டும் இந்தச் சித்திரம் எரியோட்டு வட்டாரத்துக்கும் பொருந்துகிறது. வந்தவர்கள் தெலுங்கர் மட்டுமல்லர். கன்னடம் பேசும் அனுப்பர் இந்தச் சீமையில் உண்டு. திண்டுக்கல் நகரில் சௌராட்டிர நெசவாளர் உண்டு. ஹைதர் அலி 1755இல் திண்டுக்கல்லில் பொறுப்பேற்ற பின் உருது பேசுவோர் பெருகினர். அவருடைய சகோதரி அமீருன்னிசா பேகத்தின் நினைவைப் பேகம்பூர் என்ற பெயர் இன்றும் சுமந்து நிற்கிறது.

தெலுங்கு பேசும் இந்தக் குடிகளுள் கம்பளத்தார் சடங்குகளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஊரெல்லைக்கு வெளியே பச்சைத் தழையால் இரண்டு குடிசைகள் வேய்ந்து, எருதின் சேணத்தின்மேல் மணமக்களை அமரவைக்கும் பழைய திருமண முறையை ஆங்கிலேயர் காலத்து நூல்கள் பதிவுசெய்திருக்கின்றன. நாடோடிப் பயணத்தின் ஓர் இரவு அந்தச் சடங்கில் உறைந்திருக்கிறது என்றே நான் கொள்கிறேன். துரத்தி வந்தவர்களிடமிருந்து தப்ப, ஆற்றின்மேல் மரம் வளைந்து பாலமாக நின்ற கதை தெற்கே வந்த தெலுங்குக் கூட்டங்கள் பலவற்றில் வழங்குகிறது. கி. ராஜநாராயணன் 1976இல் வெளியிட்ட ‘கோபல்ல கிராமம்’ இத்தகைய வாய்மொழி நினைவுகளிலிருந்தே எழுந்த நாவல். ஜக்கம்மாவை வணங்குவதும், உறுமி வகையான தேவதுந்துபி முழங்கத் தேவராட்டம் ஆடுவதும் இன்றும் தொடர்கின்றன. வடமதுரை, அய்யலூர்ப் பக்கங்களில் நடக்கும் மாலை தாண்டும் விழாவில், பல மந்தைகளின் சாமிமாடுகள் எல்லைக்கோட்டை நோக்கி ஓடிவரும். முதலில் தாண்டும் மாட்டுக்கு மஞ்சள்பொடி தூவி வரவேற்பார்கள்.

இவற்றை ஒதுங்கி வாழ்வதன் அடையாளமாகப் படிப்பது பெரும் பிழை. மாலை தாண்டும் நாளில் சுற்றுவட்டாரமே திரண்டு வருகிறது. அதே குடும்பங்கள் தங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவுக்கு வரி கொடுக்கின்றன, முளைப்பாரி எடுக்கின்றன, தேருக்கு வடம் பிடிக்கின்றன. தமக்கென்று ஒரு விழாவை வைத்துக்கொண்டே ஊர் விழாவிலும் பங்குகொள்வது இங்கே முரணாகத் தோன்றியதில்லை. வீட்டுத் தெலுங்கும் அப்படித்தான் நிலைத்தது. யாரும் அதை விடச் சொல்லவில்லை. அதைக் கற்கும்படி அயலாரை யாரும் வற்புறுத்தவும் இல்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் தெலுங்கைத் தாய்மொழியாகக் குறித்தவர்கள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர். ஒன்றாதவர்களின் பட்டியலாக அதை யாரும் எண்ணுவதில்லை.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். தெலுங்கர் ஆளவந்தவர்கள், ஆகவே மொழியை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை என்பது அந்த வாதம். அதில் பாதி உண்மை. காவல் உரிமையும் மானிய நிலமும் முதல் தலைமுறைகளுக்குக் கால் ஊன்ற இடம் கொடுத்தன. ஆனால் அந்த அதிகாரம் நீடிக்கவில்லை. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பினியார் கைக்குப் போனது. விருபாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கள் பறிபோயின, அல்லது வரி கட்டும் ஜமீன்களாகச் சுருங்கின. அதன்பின் இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகத் தெலுங்கு பேசும் சிறு உழவர் வெறும் உழவராகவே வாழ்ந்திருக்கிறார். அவருடைய ஒட்டுறவை அரண்மனை அதிகாரத்தால் விளக்க முடியாது.

அப்படியானால் ஒருவரையொருவர் சார்ந்த உழைப்புதான் காரணமா? நானும் நெடுநாள் அந்த விளக்கத்தின் பக்கமே சாய்ந்திருந்தேன். இந்தப் பகுதி கிணற்றுப் பாசனத்தை நம்பியது. மின்மோட்டார் வருவதற்கு முன் கவலை இறைக்க மாடு வேண்டும், சால் வேண்டும், தோல் தும்பி வேண்டும், அவற்றைத் தைக்கவும் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டும். கிணறு வெட்டியவர், நிலத்துக்காரர், தச்சர், தோல் தொழிலாளி என்று வெவ்வேறு மொழியினர் ஒரே கிணற்றைச் சுற்றிப் பிணைந்திருந்தனர். ஆனால் இந்த விளக்கம் அருந்ததியரிடம் வந்து உடைகிறது. அவர்களிலும் பெரும்பகுதியினர் வீட்டில் தெலுங்கு பேசுவோர். சாலையும் தும்பியையும் தைத்துக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். அவர்கள் கை படாமல் ஒரு வயலும் நனைந்திருக்காது. இருந்தும் குடியிருப்பு ஊருக்கு வெளியே, தண்ணீர் தனியே, திருவிழாவில் மரியாதை இல்லை. ஊர்க்கூட்டத்தில் அவர்கள் சொல் எடுபடவில்லை. ஒரே மொழியோடு ஒரே திசையிலிருந்து வந்து, ஒரே மண்ணில் உழைத்த இரு மக்களுக்கு ஊர் இருவேறு இடங்களை ஒதுக்கியது. அதற்குக் காரணம் சாதி. மொழியால் விளங்காத இந்த வேறுபாடு, உழைப்பின் தேவையாலும் விளங்கவில்லை.

ஆகவே ஒன்றுதலை அளக்க வேண்டிய இடம் ஊர்ப்பங்குதான் என்று வாதிடுகிறேன். பொது நீரில் உரிமை, பொது விழாவில் மரியாதை, பொது முடிவில் குரல் ஆகிய மூன்றும் கிடைத்தவர் எந்த மொழி பேசினாலும் ஊர்க்காரர். மூன்றும் மறுக்கப்பட்டவர் எத்தனை தலைமுறை வாழ்ந்தாலும் வெளியே நிறுத்தப்பட்டவர்.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு பிரான்சைப் பார்க்கலாம். அங்கே வாழும் பிரிட்டிஷ் குடிமக்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். டோர்டோன் பகுதியின் எய்மே போன்ற சிற்றூர்களில் ஆங்கிலேயர் நிறைந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று கிரிக்கெட் கழகம்கூட அங்கே உண்டு. பக்கத்து லோட் பகுதியில் குடியேறிய ஆங்கிலேயரை ஆராய்ந்து மைக்கேலா பென்சன் எழுதிய நூல் 2011இல் வந்தது. தாங்கள் மற்ற ஆங்கிலேயரைப் போலன்றி உள்ளூர் வாழ்வில் கலந்தவர்கள் என்று காட்ட அவர்கள் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பதை அந்நூல் நுட்பமாகக் காட்டுகிறது. அவர்களில் பலர் ஓய்வூதியத்தையோ சொந்த நாட்டில் விற்ற வீட்டின் பணத்தையோ கொண்டு வாழ்பவர்கள். எரியோட்டு உழவரைப் போல அயலாரின் மாட்டையும் கிணற்றையும் நம்பியிருக்கவில்லை. அதனால்தான் அவர்களுக்குக் கலந்து பழகுவது ஒரு தனி முயற்சியாகிறது.

ஆயினும் அவர்களுள் ஒரு பகுதியினர் உண்மையான பங்கைப் பெற்றார்கள். 1992ஆம் ஆண்டு மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தம் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு, வாழும் ஊரின் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை தந்தது. பிரான்சில் அது 2001இல் நடைமுறைக்கு வந்தது. பிறகு நூற்றுக்கணக்கான ஆங்கிலேயர் சிற்றூர் மன்றங்களில் உறுப்பினராயினர். சாக்கடை, பள்ளிக்கூடம், விழாச் செலவு பற்றி அயலாரோடு அமர்ந்து முடிவெடுத்தார்கள். 2020 ஜனவரி 31இல் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அந்த மார்ச்சில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பிரெஞ்சுக் குடியுரிமை பெறாத ஆங்கிலேயர் நிற்கவும் முடியவில்லை, வாக்களிக்கவும் முடியவில்லை. அவர்கள் பேசிய பிரெஞ்சு ஒரே நாளில் குறைந்துவிடவில்லை. அயலார் அன்பும் குறைந்திருக்கத் தேவையில்லை. போனது ஊர்ப்பங்கு.

நம் ஊரிலும் அதே 1992ஆம் ஆண்டு நாடாளுமன்றம் ஊராட்சிகள் பற்றிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் தலித்துகளுக்குத் தலைவர் பதவிகளை ஒதுக்கியது. திண்டுக்கல்லை 1985 வரை தன்னுள் கொண்டிருந்த மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் அந்தப் பதவிக்கான தேர்தலை ஆதிக்கச் சாதியினர் 2006 வரை முறையாக நடத்தவிடவில்லை. அங்கே பதவி மறுக்கப்பட்டவர்கள் நேற்று வந்து குடியேறியவர்கள் அல்லர். இன்று அருந்ததியரை ‘வந்தேறி’ என்று ஏசும் குரல்கள் மேடைகளில் கேட்கின்றன. வந்த நாளைக் கணக்கிட்டு உரிமையை அளக்கும் அந்தப் பேச்சு, பங்கு மறுக்கப்பட்ட வரலாற்றை மறைக்கிறது. 2009இல் தமிழக அரசு அருந்ததியருக்குத் தந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு, மறுக்கப்பட்ட அந்தப் பங்கின் ஒரு சிறு பகுதிதான். எரியோடு போன்ற ஊர்களின் திருவிழா வரிக் கணக்குகளையும், முதல் மரியாதை பெறும் குடும்பங்களின் வரிசையையும், ஊராட்சிக் கூட்டங்களில் யார் பேசினார்கள் என்ற பதிவையும் மொழிக் கணக்கெடுப்போடு சேர்த்துப் படிக்கும் வேலை இன்னும் செய்யப்படவேண்டியிருக்கிறது.