கையில் ஓடும் கத்தி: ரூட்டர் மெஷினின் கதை

ரூட்டர் என்றதும் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் இன்டர்நெட் பெட்டி ஞாபகம் வருகிறதா? கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஏமாற்றம்தான் :) இது ஆசாரிகள் கையில் பிடித்து ஓட்டும் ரூட்டர். பலகையில் காடி எடுக்க, ஓரத்தை உருட்ட, கதவில் டிசைன் போட எல்லாவற்றுக்கும் இதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் முடிச்சூர் மூழ்கியது எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் வடிந்த பிறகு, ஊறி உப்பிப்போன கதவையும் அலமாரியையும் மாற்ற வந்த ஆசாரி அண்ணனுக்கு இடது ஆட்காட்டி விரலில் நுனி இல்லை. "உளியில பதினஞ்சு வருஷம் வேலை செஞ்சேன் தம்பி, ஒண்ணும் ஆகல. இந்த மெஷின் வாங்கி ஆறே மாசத்துல போச்சு" என்றார். அது ஏன் என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்த வரலாறு.

மின்சாரம் வருவதற்கு முன்பே ரூட்டர் இருந்தது. நடுவில் ஒரே ஒரு கத்தி நீட்டிக்கொண்டிருக்கும் இழைப்புளி அது. பள்ளத்தின் அடியைச் சமன் செய்யப் பயன்பட்டது. இங்கிலாந்து தச்சர்கள் அதைக் 'கிழவியின் பல்' என்று கேலியாக அழைத்தார்கள். கை தள்ளினால் கத்தி நகரும், கை நின்றால் கத்தியும் நிற்கும். உளியும் அப்படித்தான்.

முதல் உலகப்போர் காலத்தில் இது மாறியது. அமெரிக்காவில் சிராக்யூஸ் நகரத்தில் ஆர்.எல்.கார்ட்டர் என்ற அச்சுத் தச்சர், முடிவெட்டும் மின்கருவியின் பல்சக்கரத் துண்டை வெட்டுக்கத்தியாகத் தீட்டி, மோட்டாரில் மாட்டி ஓட்டினார் என்று சொல்வார்கள். அவருடைய தொழிலை 1929ல் ஸ்டான்லி நிறுவனம் வாங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஜெர்மனியின் எலு நிறுவனம், ஸ்பிரிங் அழுத்தத்தில் கத்தி இறங்கி ஏறும் 'பிளஞ்ச்' ரூட்டரைக் கொண்டுவந்தது. அதற்கு முன் பலகையின் நடுவில் பள்ளம் தொடங்க, ஓடும் மெஷினைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டும். இதில் வேலை முடிந்து கையைத் தளர்த்தினால் கத்தி தானே மேலே ஏறிவிடும்.

ஆனால் வேகம்? 24,000 சுற்று ஓடும் மெஷினில் 50 மில்லிமீட்டர் அகலக் கத்தியை மாட்டினால், அதன் விளிம்பு மணிக்கு சுமார் 226 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றும். தாம்பரம் மின்சார ரயில் கிட்டவே வர முடியாது. அதனால்தான் பெரிய கத்திக்கு வேகத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்கிறார்கள்.

சட்டம் என்ன செய்தது? இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881ல் வந்தது. ஆபத்தான இயந்திரத்துக்கு வேலி போடு என்று அப்போதே சொன்னது. 1948 சட்டத்தின் கீழ் வந்த விதிகள் மரவேலை இயந்திரம் என்று வட்ட ரம்பம், பட்டை ரம்பம், இழைப்பு மெஷின் போன்றவற்றைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டன. எல்லாம் தரையில் நிற்பவை. கையில் தூக்கி ஓட்டும் ரூட்டர் அந்தப் பட்டியலில் இல்லை. அதோடு மின்சாரம் உள்ள இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. 2020ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய தொகுப்பு அதை 20 ஆக உயர்த்தியது. கட்டி முடியாத வீட்டில் இரண்டு பேராக வேலை செய்யும் ஆசாரிகள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

உளியைப் பிடிக்கும் விதம் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வந்தது. ரூட்டர் கடையிலிருந்து பெட்டியில் வந்தது. உள்ளே ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். இடையில் சொல்லித்தர ஆள் இல்லை. ஆபத்தே அங்கேதான்.

அந்த அண்ணனுக்கு நடந்தது இதுதான். வேலை நடுவே கரண்ட் போனது. சுவிட்சை அணைக்காமல் மெஷினைப் பலகை மேல் வைத்துவிட்டு, கத்தியில் சிக்கிய தூளை விரலால் எடுத்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் வந்துவிட்டது. மின்வெட்டுக் காலத்தை மறக்காத நம் ஊருக்கு முதல் பாடம் இது: கரண்ட் போனால் சுவிட்சை அணை, கத்தியைத் தொடுமுன் பிளக்கைப் பிடுங்கு.

இரண்டாவது, திசை. மேலிருந்து பார்த்தால் கத்தி வலமாகச் சுற்றுகிறது. ஆகவே பலகையின் வெளி ஓரத்தில் இடமாக, அதாவது கோயிலைச் சுற்றுவதற்கு நேர் எதிராக, மெஷினைத் தள்ள வேண்டும். சிங்க் வைக்கும் ஓட்டை போன்ற உள் ஓரத்தில் வலமாக. மாற்றித் தள்ளினால் கத்தி சக்கரம் மாதிரி மரத்தில் உருண்டு மெஷினை இழுத்துக்கொண்டு ஓடும்.

மூன்றாவது, பிடிப்பு. கத்தியின் தண்டில் முக்கால் பாகமாவது உள்ளே போகட்டும். அடிவரை இடிக்க விட்டு, பிறகு 2, 3 மில்லிமீட்டர் மேலே இழுத்து முறுக்க வேண்டும். பலகையைக் காலால் மிதிக்காமல் கிளாம்ப் போட வேண்டும். ஒரே மூச்சில் ஆழமாக வெட்டாமல் இரண்டு மூன்று முறையாக இறக்க வேண்டும். கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று 1995லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு வகைப்படுத்திவிட்டது. தோளில் தொங்கும் துண்டும், கையில் துணி கிளவுஸும் வேண்டாம். சுற்றும் கத்தி அவற்றைப் பிடித்து இழுத்துவிடும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் ஆர்.வெங்கடசாமி 1971ல் தொடங்கிய கை அறுவை சிகிச்சைத் துறை நாட்டிலேயே முன்னோடி. துண்டான விரல்களை ஒட்டவைக்கும் கலை அங்கே வளர்ந்தது. ஆனால் உளி வெட்டினால் அது ஒரு கோடு. ரூட்டர் வெட்டினால் அந்த இடமே தூளாகிவிடும். ஒட்ட வைக்க எதுவும் மிஞ்சாது.

அடுத்த முறை உங்கள் வீட்டில் மரவேலை நடக்கும்போது கரண்ட் போனால், ஆசாரியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "அண்ணே, சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டீங்களா?" அந்த அண்ணனிடம் அன்று அதைக் கேட்க யாரும் இல்லை.