வார்டுத் தேர்தலும் ஹார்வி மில்க்கும்: ஒரு நகரமன்ற உறுப்பினரின் அரசியல் வாழ்வு

சான் பிரான்சிஸ்கோ நகரமன்ற உறுப்பினராக ஹார்வி மில்க் பதவியில் இருந்த காலம் பதினொரு மாதம்கூட இல்லை. 1978 ஜனவரி 9 அன்று பதவியேற்றார். அவ்வாண்டு நவம்பர் 27 அன்று நகர்மன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு கலிபோர்னியாவில் தேர்தலில் வென்ற முதல் மனிதர் அவர். அவரைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் அவருடைய துணிச்சலையும் பேச்சாற்றலையும் தியாகத்தையும் முன்னிறுத்துகின்றனர். மூன்றும் உண்மையே. ஆனால் அதே துணிச்சலோடும் அதே பேச்சாற்றலோடும் அவர் 1973-இலும் 1975-இலும் தோற்றார் என்பதற்கு அந்த விளக்கத்தில் விடை இல்லை. விடை தேர்தல் விதியில் இருக்கிறது. நகரம் முழுவதையும் ஒரே தொகுதியாக வைத்திருந்த முறை போய், வார்டுவாரித் தேர்தல் வந்ததே மில்க்கை மன்றத்துக்குள் கொண்டுவந்தது. அவரைக் கொன்றவர் மன்றத்துக்கு வந்ததும் அதே வழியில்தான்.

மில்க் 1930-இல் நியூயார்க் அருகே உட்மியர் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். கொரியப் போர்க் காலத்தில் கடற்படையில் பணியாற்றினார். பின்னர் ஆசிரியர் வேலை, வால் ஸ்ட்ரீட் நிதி நிறுவன வேலை, நாடகத் தயாரிப்பில் உதவி என்று பல இடங்களில் இருந்து பார்த்தார். 1964-இல் குடியரசுக் கட்சியின் பேரி கோல்டுவாட்டருக்காகப் பிரசாரம் செய்த பழைமைவாதி அவர். வியட்நாம் போர்க் காலம் அந்தச் சார்பை மாற்றியது. 1972-இல் சான் பிரான்சிஸ்கோவில் குடியேறி, அடுத்த ஆண்டு காஸ்ட்ரோ தெருவில் ஒரு கேமராக் கடை திறந்தார்.

காஸ்ட்ரோ அப்போது கைமாறிக்கொண்டிருந்த பேட்டை. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த ஐரிஷ் கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. மலிவாகக் கிடைத்த பழைய மரவீடுகளைத் தன்பாலீர்ப்பாளர்கள் வாங்கியும் வாடகைக்கு எடுத்தும் குடியேறினர். மில்க்கின் அரசியல் இந்தக் கடையின் கல்லாவிலிருந்தே தொடங்கியது. விற்பனை வரிக்கு முன்வைப்பாக நூறு டாலர் கட்டச் சொல்லி ஓர் அரசு அலுவலர் வந்து நின்றார். வாரக்கணக்கில் வாதாடி அதை முப்பது டாலராகக் குறைத்தார் மில்க். தன் பள்ளியின் கருவி வேலை செய்யவில்லை என்று ஓர் ஆசிரியை படம்காட்டும் கருவியை இரவல் கேட்டு வந்ததும் அதே காலத்தில்தான். வரி வாங்கத் தெரிந்த அரசுக்குப் பள்ளிக்குக் கருவி வாங்கித் தரத் தெரியவில்லை என்ற கோபமே அவரை 1973 தேர்தலில் நிறுத்தியது.

அந்தத் தேர்தலின் கணக்கு இக்கட்டுரையின் வாதத்துக்கு முதன்மைச் சான்று. நகரமும் கவுன்டியும் ஒன்றாக இருக்கும் சான் பிரான்சிஸ்கோவில் மன்ற உறுப்பினர்கள் பதினொருவர். ஒவ்வோர் உறுப்பினரையும் நகரத்து வாக்காளர் அனைவரும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தனர். 32 வேட்பாளர்களில் மில்க் பத்தாவதாக வந்தார். பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 16,900. ஆனால் காஸ்ட்ரோவிலும் சுற்றியிருந்த முற்போக்குப் பேட்டைகளிலும் அவருக்கே பெருவாரியான ஆதரவு. வார்டுவாரியாக எண்ணியிருந்தால் அன்றே அவர் மன்ற உறுப்பினர். நகரம் முழுவதும் பெயர் எட்ட வேண்டுமென்றால் விளம்பரப் பணமும் கட்சிப் பெரியவர்களின் ஆசியும் வேண்டும். கடைக்காரரிடம் இரண்டும் இல்லை.

அடுத்த நான்காண்டுகளில் மில்க் செய்த வேலை, தெரு அளவிலான அமைப்பு கட்டும் வேலை. பழைய வணிகர்கள் இரு தன்பாலீர்ப்பாளர்களின் கடை உரிமத்தைத் தடுக்க முயன்றபோது, புதிதாக வந்த வணிகர்களைத் திரட்டி காஸ்ட்ரோ வில்லேஜ் சங்கத்தை உருவாக்கினார். 1974-இல் அச்சங்கம் நடத்திய தெருத் திருவிழாவுக்கு 5,000 பேருக்கு மேல் வந்தனர். விற்பனையைக் கண்ட பழைய வணிகர் சிலரே வியந்தனர். கூர்ஸ் பீர் நிறுவனத்துக்கு எதிரான லாரி ஓட்டுநர் சங்கத்தின் புறக்கணிப்புக்கு மதுக்கூடங்களின் ஆதரவைத் திரட்டிக் கொடுத்தார். கைம்மாறாகக் கேட்டது, தன்பாலீர்ப்பாளர்களுக்கும் ஓட்டுநர் வேலை. தொழிற்சங்கங்களோடு அவருக்கு ஏற்பட்ட நட்பு இந்தப் பேரத்தில் பிறந்தது. நீண்ட முடியை வெட்டிக்கொண்டு 1975-இல் மீண்டும் நின்றபோது ஏழாவதாக வந்தார். இருந்த இடங்கள் ஆறு.

1976-இல் மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி அவரை உரிம மேல்முறையீட்டுக் குழுவில் நியமித்தார். மாநிலச் சட்டமன்றத்துக்குப் போட்டியிடப் போவதாக மில்க் அறிவித்ததும், நியமனமாகி ஐந்தே வாரத்தில் அந்தப் பதவி பறிபோனது. அந்தத் தேர்தலிலும் 4,000-க்கும் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். ஆனால் அதே 1976 நவம்பரில், பேட்டை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் முன்னெடுத்த வார்டுவாரித் தேர்தல் முறைக்கு நகர வாக்காளர்கள் ஒப்புதல் தந்தனர். 1977-இல் காஸ்ட்ரோவை உள்ளடக்கிய 5-ஆம் வார்டில் பதினாறு போட்டியாளர்களைத் தாண்டி மில்க் வென்றார். கிடைத்த வாக்கு ஏறத்தாழ முப்பது விழுக்காடு. நகரம் முழுவதும் போட்டியிட்டபோது போதாத ஆதரவு, ஒரு வார்டுக்குள் போதுமானதாயிற்று.

இது மில்க் ஒருவருக்கு மட்டும் நேர்ந்ததாயின் தற்செயல் என்று தள்ளிவிடலாம். அதே தேர்தலில் எல்லா ஹில் ஹட்ச் என்ற முதல் கறுப்பினப் பெண் உறுப்பினர் வந்தார். சீன அமெரிக்கரான கோர்டன் லாவ் தேர்தல் வழியே உறுப்பினரானார். தென்கிழக்கே தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த 8-ஆம் வார்டு, காவலராகவும் தீயணைப்பு வீரராகவும் இருந்த டேன் வைட்டை அனுப்பியது. மாறிவரும் நகரத்தைக் கண்டு மருண்ட பழைய குடும்பங்களின் குரல் வைட்.

மன்றத்தில் மில்க் கவனித்தவை பெரும்பாலும் அன்றாடக் காரியங்கள்: குழந்தைகள் காப்பகம், பொதுப் போக்குவரத்து, கட்டுப்படியாகும் வாடகை, காவல்துறையைக் கண்காணிக்கப் பொதுமக்கள் குழு. நாய் வளர்ப்பவரே அதன் கழிவை அள்ள வேண்டும் என்ற விதிக்காகப் பூங்காவுக்குச் செய்தியாளர்களை வரவழைத்து, வேண்டுமென்றே கழிவில் காலை வைத்துக் காட்டினார். அவருக்கு அதிகப் புகழ் தந்த விதிகளில் அதுவும் ஒன்று. வேலையிலும் வீடு வாடகையிலும் பாலீர்ப்பு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் மன்றத்தில் நிறைவேறியபோது எதிர்த்து விழுந்தது ஒரே வாக்கு, வைட்டின் வாக்கு. அதற்கு முன்பு இருவரும் ஓரளவு இணக்கமாகவே இருந்தனர். வைட்டின் வார்டில் மனநலம் குன்றிய இளைஞர்களுக்கான விடுதி ஒன்று வருவதை மில்க் வாக்களித்து ஆதரித்ததிலிருந்து பகை மூண்டது. தன் வார்டு மக்களுக்குக் கொடுத்த வாக்கு பொய்த்துப்போனதாக வைட் கருதினார். வார்டு முறையின் இயல்பான இறுக்கம் இங்கே தெரிகிறது: பேட்டையின் அச்சம் உறுப்பினரின் சொந்த மானப் பிரச்சினையாகிவிடுகிறது.

தன்பாலீர்ப்பாளர் ஆசிரியர்களைப் பணிநீக்க வழிசெய்யும் 6-ஆம் முன்மொழிவை எதிர்த்து மில்க் மாநிலம் முழுவதும் சுற்றினார். 1978 நவம்பர் 7 அன்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் அது தோற்றது. மூன்று நாள் கழித்து வைட் பதவி விலகினார். ஆண்டுக்கு 9,600 டாலர் ஊதியத்தில் குடும்பம் நடத்த முடியவில்லை என்றார். பிறகு பதவியைத் திரும்பக் கேட்டார். மன்றத்தின் வாக்குச் சமநிலையே அந்த ஓர் இடத்தைப் பொறுத்திருந்ததால், கொடுக்கக் கூடாது என்று மாஸ்கோனியிடம் வலியுறுத்தியவர்களில் மில்க்கும் ஒருவர். நவம்பர் 27 அன்று உலோகம் கண்டறியும் கருவியைத் தவிர்க்க அடித்தளச் சன்னல் வழியே நுழைந்த வைட், முதலில் மேயரையும் அடுத்து மில்க்கையும் சுட்டார். 1979 மே 21 அன்று நடுவர் குழு இதைத் திட்டமிட்ட கொலையாகக் கருத மறுத்து, குறைந்த குற்றமாகவே தீர்ப்பளித்தது. தண்டனை ஏழாண்டு எட்டு மாதம். அன்றிரவு நகரம் கலவரமாயிற்று.

வார்டு முறையே மில்க்கை மன்றத்துக்குள் கொண்டுவந்தது என்ற வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 1980-இல் வார்டு முறை நீக்கப்பட்டு, பழைய முறையில் தேர்தல் நடந்தது. மில்க்கின் இடத்தில் நியமிக்கப்பட்டிருந்த ஹாரி பிரிட், தாமும் தன்பாலீர்ப்பாளராக இருந்தும், அதில் வென்றார். அப்படியானால் வார்டு எதற்கு என்று கேட்கலாம். பிரிட் போட்டியிட்டது பதவியில் இருந்தபடி. அந்தப் பதவியை உண்டாக்கியது 1977-இன் வார்டுத் தேர்தல். கதவைத் திறக்க வார்டு தேவைப்பட்டது. திறந்த பின் உள்ளே நீடிக்க அதே அளவு தேவைப்படவில்லை. நகரம் வார்டு முறைக்குத் திரும்ப 1996-இல் வாக்களித்தது. 2000 முதல் மன்றத் தேர்தல் மீண்டும் வார்டுவாரியாக நடக்கிறது.