தேனீக்கு இட்ட சிரட்டை

பழவேற்காட்டு ஏரியின் முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில் மீனும் இறாலும் அருகிவிடும். பஞ்சம் இன்னதென்று அக்கரையூர் மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தேனீக்கும் அத்தகைய காலம் உண்டு. மலரில்லாத மாதங்களே அதன் பஞ்சம். அப்பஞ்சத்தில் மனிதன் தேனீக்கு உணவூட்டிய வரலாற்றையே இன்று சொல்லப் புகுகின்றேன்.

நம் முன்னோர் தேன் எடுத்த முறையில் இக்கவலைக்கு இடமில்லை. புகையூட்டி ஈக்களை விரட்டுவர். அடையை அறுத்துப் புழுவும் முட்டையும் உட்படப் பிழிவர். பின்னர் ஊட்டுவதற்குக் கூடு ஏது? ஆனால் கூடுகளை வீட்டருகே வைத்து வளர்த்த நாடுகளில் இவ்வழக்கம் மிகத் தொன்மையானது. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா என்னும் உரோமானிய வேளாண் நூலாசிரியர், உலர்ந்த அத்திப்பழத்தை நசுக்கி நீரில் கரைத்து, அதில் தூய கம்பளி மயிரைத் தோய்த்துக் கூட்டருகே வைக்கச் சொல்கின்றார். மயிர் எதற்கு? ஈக்கள் மூழ்காமல் அதன்மேல் நின்று உறிஞ்சுவதற்கு. இக்கம்பளியை நேயர்கள் நினைவிற் கொள்க.

1851ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கிடையே ஈக்கள் அடைக்காது விட்டுவைக்கும் சிறு இடைவெளியின் அளவைக் கண்டறிந்து, கழற்றி மாட்டத்தக்க சட்டங்கள் கொண்ட பெட்டியை அமைத்தார். அதனால் ஈயைக் கொல்லாமல் தேன் எடுத்தல் எளிதாயிற்று. உடனே ஒரு கடமையும் பிறந்தது: சேமிப்பை எடுத்தவன் பஞ்சத்தில் சோறிட வேண்டும். டூலிட்டில் என்னும் அமெரிக்கர், சட்டத்தைப் போலவே பெட்டிக்குள் தொங்கும் பாகுத் தொட்டி ஒன்றை வகுத்தார்.

நம் நாட்டுத் தேனீ உருவிற் சிறியது. அதற்கேற்ற சிறு பெட்டியைத் திருச்சிராப்பள்ளிப் பகுதியில் 1911 முதல் 1917 வரை தேனீ வளர்ப்பைக் கற்பித்த பாதிரியார் நியூட்டன் வகுத்தார். அது இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது. பின்பு தென்கோடியில், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1924இல் ஸ்பென்சர் ஹாட்ச் என்னும் அமெரிக்கர் கிறித்தவ இளைஞர் சங்கத்தின் கிராமச் சீரமைப்பு நிலையத்தைத் தொடங்கினார். உழவர்க்குத் துணைத்தொழிலாகத் தேனீ வளர்ப்பு அங்கே வேரூன்றியது.

நியூட்டன் பெட்டியின் அடியறையில் ஏழே சட்டங்கள். அவற்றுள் ஒன்றின் இடத்தைத் தொட்டிக்குக் கொடுத்தால் ஏழிலொரு பங்கு வீடு போய்விடும். ஆதலின் நம்மவர்க்குக் கைகொடுத்தது தேங்காய்ச் சிரட்டை! (பழவேற்காட்டில் கொட்டாங்குச்சி என்றால்தான் விளங்கும்.) சர்க்கரையைச் சம அளவு நீரிற் காய்ச்சி, ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றிப் பெட்டிக்குள் வைப்பர். அதில் சில குச்சிகளை மிதக்கவிடுவர். கொலுமெல்லாவின் கம்பளி செய்த வேலையை இக்குச்சிகள் செய்கின்றன. மாலையில் வைப்பதே முறை. பாகைத் திறந்த வெளியில் வைத்தாலோ சிந்தினாலோ அயற்கூட்டு ஈக்கள் கொள்ளையிட வரும், எறும்பும் வரும். மழைக்காலத்தில் ஊட்டாது விட்டால் நம் நாட்டுத் தேனீ காத்திராது. கூட்டைத் துறந்து பறந்துவிடும். வளர்த்தவனுக்கு மிஞ்சுவது வெற்றுப் பெட்டியே.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்நாட்டில் சர்க்கரை பங்கீட்டுப் பொருளாயிற்று. குழந்தையின் பாலுக்கே சர்க்கரை அரிதான வீட்டில் ஈக்கு எங்ஙனம் ஊட்டுவது? இங்கிலாந்தில் தேனீ வளர்ப்போர்க்குத் தனிப் பங்கு ஒதுக்கினர். ஏழையின் கூட்டுக்கு ஒரே வழி, அறுவடையின்போது அடியறைத் தேனைத் தொடாது விடுவதுதான். சர்க்கரை மலிந்த நாளிலும் அதுவே நேரிய வழி என்பது என் துணிபு. பாகு பசியை ஆற்றுமேயன்றி மகரந்தத்தின் சத்தைத் தராது. முழுவதையும் வழித்தெடுத்துவிட்டுச் சிரட்டையை நீட்டுவது கொடையாகாது.

1991ஆம் ஆண்டையொட்டித் தென்னிந்தியாவிற் பரவிய தாய்லாந்துப் பைப்புழு நோய், நாட்டுத் தேனீக் கூடுகளிற் பெரும்பாலானவற்றை அழித்தது. வைரசால் வரும் அந்நோயைப் பாகு தடுக்கவில்லை. எஞ்சிய கூடுகளைப் பிரித்துப் பெருக்கியே மார்த்தாண்டத்தார் தொழிலை மீட்டனர். அவ்விளங்கூடுகளை வளர்த்தெடுக்கச் சிரட்டை மீண்டும் வேண்டியிருந்தது. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது இலைக்காம்பில் இனிய நீர் சுரக்கும். தேன் வரத்துத் தொடங்கியதும் அவர்கள் சிரட்டையை வெளியே எடுத்துவிடுகின்றனர்; இல்லையேல், விற்கும் தேனில் பாகும் கலந்துவிடும்.