பெட்டி இல்லாத இஸ்திரி

பில்லியர்ட்ஸ் மேசைக்கும் இஸ்திரி போடுவார்கள். 12 அடிக்கு 6 அடி மேசையில், கற்பலகையின் மேல் இழுத்துக் கட்டிய கம்பளித் துணியின் மயிர் ஒரே திசையில் படிய வேண்டும். முதலில் தூரிகையால் நீவி, பிறகு சூடேற்றிய கனத்த இரும்பை அதே திசையில் தள்ளுவார்கள். எதிர்த்திசையில் தள்ளினால் மயிர் கலைந்து பந்தின் ஓட்டம் கெடும். மலையூர்களில் பனியின் ஈரம் துணியில் ஏறிப் பந்து மந்தமாகும் என்பதால் அங்கே இந்த இரும்பு இன்னும் அவசியம். 1882-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி சேம்பர்லின் ஸ்னூக்கர் விதிகளை வகுத்த உதகமண்டலம் கிளப்பும் அப்படிப்பட்ட மலையூரில்தானே இருக்கிறது?

இந்தக் கருவியை 'இஸ்திரிப் பெட்டி' என்றால் பெயரில் பாதிதான் பொருந்தும். முன்பாதி போர்ச்சுகீசியம்: 'எஸ்திரார்' என்றால் இழுத்து நீட்டுதல். 'ஸ்திரீ' என்ற வடசொல்லோடு ஒலி ஒத்திருப்பதால், பெண்கள் செய்த வேலை என்று காரணம் கற்பிப்போர் உண்டு. ஆனால் போர்ச்சுகீசியர் காலூன்றிய மலையாளக் கரையிலும் இதே சொல் வழங்குகிறது. மேசை, சாவி, சன்னல், அலமாரி நமக்கு வந்ததும் அதே கப்பலில்தான். (பில்லியர்ட்ஸ் மேசையும் அதன் இஸ்திரியும் சொல்லளவில் உறவினர்!) பின்பாதியான 'பெட்டி' கரி போடும் சலவைக் கருவியால் வந்த பெயர். மூடியும் காற்றுத்துளையும் கொண்ட அது உண்மையிலேயே பெட்டி. மேசைக்கு அது உதவாது: ஒரு தீப்பொறி விழுந்தால் துணி போயிற்று. அதனால் பழைய மேசை இஸ்திரி உள்ளே வெற்றிடமற்ற இரும்புக்கட்டி, அடுப்பில் காய வைப்பது. கரியே இல்லாத மின்கருவியையும் பெட்டி என்கிறோமே என்று கேட்கலாம். அது கரிப்பெட்டியின் வாரிசு, பெயர் வழிவழியாக வந்தது. இரும்புக்கட்டியோ அந்த வம்சமே அல்ல.

இது வெறும் சொல்வழக்கு அல்ல. பழம்பொருள் சேகரிப்பவருக்குக் காசு விஷயம். குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறி, காப்பித் தோட்டத்துப் பழைய சாமான்களில் 'பெட்டி' தேடுபவர் கூர்மூக்குச் சலவைக் கருவிகளையே பொறுக்குவார். பொத்தான்களுக்கு இடையே புக அந்த மூக்கு வேண்டும். மேசையில் பொத்தான் ஏது? எனவே மேசை இஸ்திரி நீள்சதுரமாக இருக்கும். துணியில் சிக்காதபடி விளிம்பு மேலே சரிந்திருக்கும். தர்ஸ்டன், பரோஸ் அண்ட் வாட்ஸ் போன்ற லண்டன் மேசைக் கம்பெனிகளின் பெயர் பொறித்திருந்தால் ஐயமே வேண்டாம். பயன்படுத்த வாங்குவதானால் அடிப்பாகத்தையும் பார்க்க வேண்டும். துருவை உப்புத்தாளால் முரட்டுத்தனமாகத் தேய்த்த இரும்பு அலமாரிக்குத்தான் ஆகும்; அந்தக் கீறல்கள் துணியில் இழுபடும்.