மின்கட்டண எதிர்ப்பும் திண்டுக்கல் சமவெளியின் கிணற்றுப்பாசன உழவரும் (1970–1990)

1978 ஏப்ரலில் வேடசந்தூரில் காவல்துறையினர் நடத்திய துப்பாக்கிச் சூட்டில் உழவர்கள் உயிரிழந்தனர். திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தின் பகுதி. தனி மாவட்டமானது 1985-இல்தான். அங்குத் திரண்டோரின் கோரிக்கை நிலமோ கூலியோ அன்று. மின்கட்டணக் குறைப்பும் கடன் தள்ளுபடியும் ஆகும். பட்டா நிலமும் கிணறும் மோட்டாரும் உடையோர் முன்னின்று நடத்திய இப்போராட்டத்தை இடதுசாரி உழவர் எழுச்சிகளின் வரிசையில் வைப்பது பொருந்தாது. சொத்துடைய குடியானவர் அரசின் தண்டலை எதிர்த்த மரபுக்கே அது நெருக்கமானது.

அரசு இச்சமவெளியின் கிணறுகளுக்குள் வந்த வழியை முதலில் நோக்க வேண்டும். குடகனாற்றுப் பகுதியில் ஆற்றுப்பாசனத்தை நம்பிப் பயிரிட இயலாது. மாடு பூட்டிக் கமலை இறைத்த காலத்தில் உழவர் அரசுக்குச் செலுத்தியது நிலவரி. மழை பொய்த்தால் வரி வஜா கேட்கலாம். மின்மோட்டார் வந்தபின் நிலை மாறியது. மின்சாரம் வாரியத்தினுடையது, மோட்டாருக்கும் கிணறு ஆழப்படுத்துவதற்கும் கிடைத்த கடன் கூட்டுறவு நிறுவனங்களினுடையது. கிணறு வற்றினாலும் தவணை நிற்காது. கட்டணம் தவறினால் ஊழியர் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கிச் செல்வார். கடன் தவறினால் ஜப்தி. நிலவரியைவிட நெருக்கமான, விட்டுக்கொடுக்காத தண்டல் இது. கௌரவத்தைப் பெரிதாகப் போற்றிய குடும்பங்களுக்கு ஜப்தி என்பது பண இழப்பைக் காட்டிலும் பெரிய அவமானம்.

போராட்டம் தொடங்கிய களம் கோவை. யூனிட்டுக்கு 10 பைசாவாக உயர்ந்த கட்டணத்தை எதிர்த்து 1970-இல் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர் திரண்டனர். அவ்வாண்டு ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மூவர் சுட்டுக்கொல்லப்பட்டனர். அதன்பின் கட்டணம் ஒரு பைசா குறைந்தது. 1972-இல் கட்டணம் மீண்டும் உயர, மாட்டுவண்டிகள் கோவை நகரச் சாலைகளை அடைத்தன. தமிழக விவசாயிகள் சங்கம் கொங்குப் பகுதிக்கு வெளியேயும் பரவியது; கிணற்றுப்பாசனமும் கடன்சுமையும் ஒத்திருந்த வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்கள் அதற்கு இயல்பான களங்களாயின.

இதற்கு ஒரு கட்சி வடிவம் முன்பே இருந்தது. கூட்டுப்பண்ணைத் திட்டத்தையும் 'பெர்மிட்–லைசென்ஸ்' ஆட்சியையும் எதிர்த்து ராஜாஜி 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உழவர் தலைவர் என். ஜி. ரங்கா அதன் தலைவரானார். அரசு சுருங்க வேண்டும் என்பது அக்கட்சியின் கொள்கை. உழவர் சங்கமோ அரசு விலக வேண்டும் என்று கேட்கவில்லை. குறைவாக வாங்கு, விளைபொருளுக்குக் கூடுதலாகக் கொடு என்றே கேட்டது. இரண்டையும் ஒன்றாகக் காண்பது பிழை. மேலைநாட்டு வரி எதிர்ப்பு இயக்கங்களோடு இதனை ஒப்பிடுவோர் தவறவிடும் இடமும் இதுவே. 1982-இல் சங்கத்தினர் அரசியல் கட்சி தொடங்கினர். தேர்தலில் அது வேர்பிடிக்கவில்லை. 1984 டிசம்பரில் நாயுடு காலமானார்.

கோரிக்கை மட்டும் வென்றது. சிறு உழவருக்கு 1984-இல் எம்.ஜி.ஆர். அரசு இலவச மின்சாரம் அளித்தது. 1990-இல் கருணாநிதி அரசு அதனை எல்லா உழவருக்கும் விரித்தது; 1970-இல் பெருமாநல்லூர்ச் சூடு நடந்ததும் அவர் ஆட்சியில்தான் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

இவ்வெற்றி பம்புசெட் உடையோரையே சென்றடைந்தது. சோளமும் நிலக்கடலையும் விளைவித்த மானாவாரி உழவருக்கும் நிலமற்ற கூலியாட்களுக்கும் இதில் நேரடிப் பயன் இல்லை. கட்டணம் நீங்கியபின் நீர் இறைப்பதற்கான செலவுத் தடையும் நீங்கியது. திறந்த கிணறுகள் வற்ற, ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. உழவர் செலுத்த மறுத்த தொகையை இப்போது மாநில அரசே ஆண்டுதோறும் வரவுசெலவுத் திட்டத்தில் மானியமாக ஒதுக்கி மின்வாரியத்துக்குச் செலுத்துகிறது.