பாதி உண்ணி, பாதி சூடு

ஆம்பூர் டேனரியில் தரம் பிரிக்கும் மேசை. விரித்த தோலை வெளிச்சத்தில் சாய்த்து, விரலால் வருடிப் பார்க்கிறார்கள்: உண்ணி கடித்த புள்ளி, சூடு போட்ட தழும்பு, உரிக்கையில் விழுந்த கத்திக் கீறல். இதைக் கணினிக்குப் பழக்கப் போனால் முதல் அடியே சறுக்கும். நூற்றுக்கு 98 தோல் நல்லதென்றால், "எல்லாம் நல்லது" என்று சொல்லியே அது 98 மார்க் வாங்கிவிடும்.

இதே சறுக்கல் மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமிலும் உண்டு. ஒரு தரவுத்தொகுப்பில் 11,183 பதிவுகள். கால்சியப் படிவு வெறும் 260. அரிதானதையே திரும்பத் திரும்ப நகலெடுத்துக் கொடுத்தால், கணினி அதை மனப்பாடம் செய்கிறதே தவிரக் கற்பதில்லை. நிதேஷ் சாவ்லா, கெவின் போயர், லாரன்ஸ் ஹால், பிலிப் கெகல்மேயர் நால்வரும் 2002-ல் ஒரு கட்டுரையில் வேறு வழி சொன்னார்கள். அரிதான இரண்டு பதிவுகளுக்கு நடுவே கோடு போட்டு, அதில் எங்காவது ஒரு புதுப் பதிவை உண்டாக்கு. 'ஸ்மோட்' பிறந்தது இப்படித்தான். கையெழுத்தைப் படிக்கக் கணினியைப் பழக்கியவர்கள் எழுத்துகளைச் சாய்த்தும் திருப்பியும் காட்டியதுதான் இதற்குத் தூண்டுதல்.

ஒரு தோலின் கனம் 1.2 மி.மீ., அடுத்ததன் கனம் 1.4, நடுவே 1.3 வரலாம். ஆனால் உண்ணிக்கும் சூட்டுக்கும் நடுவே என்ன வரும்? பாதி உண்ணி, பாதி சூடு பட்ட தோல் என்று எந்த மேசையிலும் ஒரு தரம் கிடையாது.

அதற்காகவே அதே கட்டுரையில் 'ஸ்மோட்-என்சி'யும் வந்தது. கனம், பரப்பு, எடை ஒவ்வொன்றும் குறையுள்ள தோல்களுக்குள் எவ்வளவு சிதறுகிறது என்று கணக்கிட்டு, அந்தத் திட்ட விலக்கங்களின் இடைநிலை அளவை எடுத்துக்கொள்கிறது. இரு தோல்களின் குறைப்பெயர் வேறானால், அவற்றுக்கிடையேயான தூரத்தில் அந்த அளவும் சேரும். புதுப் பதிவின் பெயரையோ அக்கம்பக்கத்துத் தோல்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கின்றன: ஐந்தில் மூன்று உண்ணி என்றால், உண்ணி. எண்ணுக்கு ஒரு நியாயம், சொல்லுக்கு ஒரு நியாயம் என்று பிரித்த அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஓட்டில்தான் ஒரு குறை. பூஞ்சணம் பிடித்த தோல் நான்கே இருந்து, அவையும் ஆளுக்கொரு மூலையில் கிடந்தால், பூஞ்சணம் எந்த ஓட்டிலும் ஜெயிக்காது. உண்ணி பெருகும், பூஞ்சணம் நான்கிலேயே நிற்கும். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று அலைந்து இன்னும் நாலு பூஞ்சணத் தோலைத் தேடி மேசைக்குக் கொண்டுவரத்தான் வேண்டும்.